தூக்கத்தில் உதைத்த கால்

போன வருடம் கோடையில், மரக்காணத்தில் உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த சமயம் அது. நான் உப்பளத்தில் வேலை செய்பவன். விடியுமுன் பாத்தியில் இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டுப் பாயைப் போட்டுவிடுவேன். வீட்டில் நான், என் மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள்.

என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளை திடீரென்று பக்கத்திலேயே வரமாட்டேன் என்றது. கூப்பிட்டால் ஹோம்வொர்க் இருக்கிறது என்பாள். முழுப்பரீட்சை லீவில் என்ன ஹோம்வொர்க்? ராத்திரியும் அம்மாவைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் ஒட்டிக்கொள்வாள். என் மேல் உப்புத் தண்ணி நாற்றம் அடிக்கிறதோ என்று வாசனை சோப்பு வாங்கித் தேய்த்துக் குளித்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே குளித்தேன். அதற்கும் மசியவில்லை. கடைசியில் மனைவிதான் ஏதோ சொல்லிக் கெடுக்கிறாள் என்று நினைத்து, அதை வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். பாவம், அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

இதற்கு நடுவே எனக்குப் பகலெல்லாம் கண் சொக்க ஆரம்பித்தது. எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை. ஒரு நாள் ஈசிஆர் ரோட்டில் மொபெட் ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். வண்டி ஓரத்து மணலில் இறங்கிச் சாய்ந்தது. முழங்கைத் தோல் போனதோடு தப்பித்தேன். மனைவி விடவில்லை, மகளையும் கூட்டிக்கொண்டு என்னைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா என் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"கால் மட்டும் பாத்தி மிதிச்சிக்கினே இருக்கும் மேடம்" என்று மனைவி சிரித்தாள்.

சீசன் தொடங்கும்போது பாத்தித் தரையைக் கெட்டிப்படுத்த நாள் கணக்கில் காலால் மிதிப்போம். அதே ஞாபகத்தில் தூக்கத்திலும் கால் ஆடுகிறது என்று வீட்டில் எங்களுக்குள் ஒரு கேலி. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"மழைக்காலத்துல உப்பு வேலை இருக்காதே, அப்பவும் மிதிக்கிறாரா?"

மனைவி யோசித்தாள். தீபாவளி சமயத்திலும் அப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னாள்.

அது ஒரு தூக்கக் கோளாறாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. தூங்கும்போது கால் தானாக விட்டுவிட்டு உதறுமாம். உதறுகிறவனுக்கே தெரியாதாம். ஒவ்வொரு உதறலிலும் தூக்கம் கலைவதால்தான் பகலில் சொக்குகிறதாம். பின்னால் டெஸ்ட் எடுத்தபோது அதுதான் என்று உறுதியானது. ரத்தத்தில் இரும்புச் சத்தும் குறைவாக இருந்தது.

அவர் பேசி முடித்ததும் என் மகள் அவரிடம் கேட்டாள்: "அப்போ அப்பா வேணும்னு என்னை உதைக்கலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் உதைப்பேனா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"யார் மேலயாவது கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்னு நீதானப்பா சொன்ன. ராத்திரி மட்டும் நீ ஒத்திக்கவே இல்ல. அதான் நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், உனக்குக் கோவம்னு நெனச்சேன்."

அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார். புத்தகத்தில் கால் பட்டால்கூட விடமாட்டேன். அங்கேயே குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டேன். "விடுப்பா" என்று கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி அவளை மடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் பக்கத்தில் படுத்த நாட்களில் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது, நான் வந்ததும் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தது, என் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தது எல்லாம் அன்றைக்கு ராத்திரி உதை விழக் கூடாது என்பதற்காகத்தானாம். அப்படியும் உதை நிற்காததால்தான் சுவரோரம் ஒதுங்கிவிட்டாளாம். நானோ, எம்பொண்ணு சொல்லாமலே எல்லாம் செய்யுது என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை சாப்பிடுகிறேன். உதறல் நிறையக் குறைந்துவிட்டது. அவளும் பக்கத்தில் வந்து படுக்கிறாள். ஆனால் கேட்காமலே அவள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டும்போது, இது பாசமா பயமா என்று அவள் முகத்தைப் பார்க்கிறேன். பெற்ற பிள்ளையை இப்படிச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறதே என்கிற வருத்தம் மட்டும் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை.