முன்பல்லுக்கு எந்த வெள்ளை?

கிட்ட வந்து உட்காருங்க. வாயை மட்டும் மூடிக்கிட்டிருங்க. நாள் முழுக்கத் திறந்த வாய்களைப் பார்த்தே அலுத்துப் போயிருக்கேன். கண்டி டவுன்ல ஒரு பல் டொக்டருக்கு உதவியா நிக்கிறவ நான். உடைஞ்ச பல்லை அந்தப் பல்லு நிறத்திலேயே அடைக்கணும். அதுக்கு மாதிரிப் பல்லுகள் வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணா நான் உதட்டோரம் பிடிக்க, எது ஒத்துப்போகுதுன்னு டொக்டர் பார்ப்பார். பெயின்ட் கடையில, தையல் கடையில நிக்கிறவங்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்: நிறம் பார்க்கிறது லேசு, நிறம் கேட்டு வர்ற ஆட்களைத் தாங்கிறதுதான் பாடு.

கம்பளை நானா

கம்பளையில பலசரக்குக் கடை வச்சிருக்கிற முஸ்லிம் பெரியவர் ஒருத்தர், நானான்னுதான் கூப்பிடுவோம். ஆயுசு பூரா வெத்திலை போட்ட வாய். டொக்டர் அதுக்கேத்த மங்கல் நிறத்தை எடுத்தார். நானா கையைத் தள்ளி விட்டார். இருக்கிறதிலேயே வெள்ளைதான் வேணுமாம்.

"ஒத்தைப் பல்லு மட்டும் தனியாத் தெரியுமே"ன்னு டொக்டர் சொல்லிப் பார்த்தார். நானா யோசிக்கவே இல்லை.

"தெரியட்டும் டொக்டர். மத்ததெல்லாம் அதைப் பார்த்துத் திருந்தட்டும்!"

சாரிக் கவுண்டர் பிள்ளை

யோகாங்கிறவ மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. எங்க தெருவிலேயே துணிக்கடையில சாரி காட்டுறவ. குழாயடியில வழுக்கி விழுந்து முன்பல்லு பாதி போச்சு. முதலாளி அவளைப் பின்னால ஸ்டோருக்கு அனுப்பிட்டார். பல்லை அடைச்சிட்டு வந்தாலும், ஒட்டு வேலைன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா கவுண்டர் வேற பிள்ளைக்குத்தானாம். எந்தச் சாரிக்கு எந்த ப்ளவுஸ் துணின்னு கண்ணாலேயே சொல்ற பிள்ளை, இருட்டுக்குள்ள பெட்டி பிரிச்சுக்கிட்டிருந்தா.

பல்லு காய்ஞ்சா வெளுத்துப்போகும். அதனால எச்சில் ஈரத்தோடேயே ஜன்னல் வெளிச்சத்தில டொக்டர் நிறம் பார்த்தார். லேசா மஞ்சள் தட்டின மாதிரிப் பல்லு ஒண்ணு அச்சா ஒத்துப்போச்சு. யோகாவும் கண்ணாடியில பார்த்துட்டு அதுதான்னா. கூட வந்த அவ அம்மா எழுந்து நின்னாங்க.

"நல்ல வெள்ளை அங்க வரிசையா இருக்கு. எம்புள்ளைக்கு மட்டும் அழுக்குப் பல்லா?"

மூணு மாதிரி

வாக்குவாதம் முடியல. வெளியே காத்திருந்தவங்க கதவைத் தட்டுறாங்க. அம்மா டொக்டரோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்த நேரம் யோகா என் காதுகிட்ட வந்தா. "பெரியம்மா, கடையில நாங்க செய்யிறதுதான். அதையே மூணு தடவை காட்டுங்க."

நானும் அதே மாதிரிப் பல்லை உள்ளங்கையில மறைச்சு மறைச்சு எடுத்துக் காட்டினேன். முதல் தடவை அம்மா உதட்டைப் பிதுக்கினாங்க. இரண்டாவதுக்குத் தலையைச் சாய்ச்சாங்க. மூணாவதுக்கு முகம் மலர்ந்துபோச்சு. டொக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கிட்டிருந்தார்.

"இந்தா, இதுதான் வெள்ளை! இதை ஏன் முதல்லயே காட்டல?"

காய்ஞ்ச பல்லு

அடைக்கும்போது பஞ்சு வச்சு ஈரம் படாம பார்க்கணும். முடியிறதுக்குள்ள பக்கத்துப் பல்லுகள் காய்ஞ்சு சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு. நடுவில புதுசு மட்டும் மங்கலாத் தெரிஞ்சுது. அம்மா "ஏமாத்திட்டாங்க"ன்னு கத்த ஆரம்பிச்சாங்க. எச்சில் ஊறினா மத்ததெல்லாம் பழைய நிறத்துக்கு வந்திடும்னு டொக்டர் சொன்னது காதில ஏறல. யோகா வாயை மூடி, மாஸ்க்கை இழுத்துப் போட்டு, அம்மாவைக் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிப் போனா. வாசல்லயும் அம்மா விடல.

"இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரிவரலைன்னா, விடிஞ்சதும் இந்தக் கதிரையில நான்தான் உட்கார்ந்திருப்பேன்!"

வாசல் வெளிச்சம்

அடுத்த நாள் மனசு கேட்காம துணிக்கடைக்குப் போனேன். ப்ளவுஸ் துணியைச் சாரியோட வச்சுப் பார்க்கிறதுக்கு வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டு வருவாங்க இல்லையா, அப்படி முதலாளி யோகாவை வாசல்ல நிறுத்தி வச்சிருந்தார். பல்லைக் காட்டச் சொல்லி, குனிஞ்சு நிமிர்ந்து பார்த்தார். கடைசியில விரலை நீட்டினார்.

"இதுதானே ஒட்டினது? கிட்ட வந்து பார்த்தாக் கொஞ்சம் தெரியுது. பரவாயில்லை, கவுண்டருக்குப் போ."

அவர் காட்டினது பக்கத்துப் பல்லு, அவளோட சொந்தப் பல்லு! சொல்றதுக்கு வாயைத் திறந்தேன். யோகா ஒரு பார்வை பார்த்தா, மூடிக்கிட்டேன்.

"முதலாளி கண்ணுக்கு எதுவுமே தப்பாதுங்க"ன்னு சொல்லிட்டு, அவ நேரா கவுண்டருக்குள்ள போய், காத்திருந்த வாடிக்கையாளர் ஒருத்தருக்குச் சாரியை விரிச்சா.

எங்க தொழில் இவ்வளவுதாங்க: நிறம் பொருந்திட்டா யாருக்கும் தெரியாது, தெரியாட்டியும் ஒரு குறை சொல்லாமப் போகமாட்டாங்க.