றிஸானா தாத்தா வாசிக்க மறுத்த கதை

செய்தி மீன் விலைக் குழுவில்தான் வந்தது. கண்டக்குழியில் நான் வேலை செய்யும் விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்து, இரண்டு வெள்ளைக்காரரின் பாஸ்போர்ட் விபரங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. பாரை என்ன விலை, கும்பளா என்ன விலை என்று வழக்கமான வரிகள். அவற்றுக்குக் கீழே, "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கற்பிட்டி போட்டோகொப்பிக் கடை றிஸானா தாத்தா மௌத்து. அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்." அதற்கும் கீழே சூடை விலை. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வருவதெல்லாம் உண்மையல்ல என்பது இந்தக் கரையில் வேறு எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்று பிறகு சொல்கிறேன். கடைக்குப் போன் எடுத்தேன். யாரோ ஒரு ஆண் குரல், "ஓம் தங்கச்சி, உண்மதான். கடையில வச்சே நெஞ்சு நோவு வந்திச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில முடிஞ்சு" என்றது. வெள்ளைக்காரரின் பெயரைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன்.

இதை வாசிக்கும் பலருக்கு அவரைக் 'கிடுகு வீடு' என்ற வலைப்பூவின் பெயரில்தான் தெரியும். உங்கள் கதைகளுக்குக் கீழே முதலில் வந்து நீளமாக எழுதிவிட்டுப் போகும் அந்தக் 'கிடுகு' இவர்தான். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் குடும்பம் சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. இருந்தாலும் முதல் நாளிலிருந்தே அவர் எனக்குத் தாத்தாதான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் துரத்தப்பட்டபோது, சிறுமியாகப் படகில் வந்து இறங்கி, தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் பல வருடம் இருந்தவர். அதைப் பற்றி எழுதுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். "அகதி எண்டு எழுதினா ஆக்கள் பாவம் பாப்பாங்க. பாவம் பாக்கிறவன் கதைய ஒழுங்கா வாசிக்கமாட்டான், ஜெசி" என்றார். பெயரில் மட்டும் அந்தக் கொட்டிலை வைத்துக்கொண்டார்.

நான் அவரிடம் முதலில் போனது ஒரு கதையைத் தட்டச்சு செய்விக்க. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்ப நினைத்திருந்தேன். தட்டிக்கொண்டே வாசித்தார். ஓரிடத்தில் கையை நிறுத்திச் சிரித்தார். நான் சிரிக்கவென்று எழுதிய இடம் அதுதான். "அனுப்பினா ரெண்டு மாசம் பாத்துக்கொண்டிருக்கணும், பிறகு வராது. இஞ்ச இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். கடைக்குப் பாண் வாங்கப் போய்வரும் நேரத்தில் எனக்கொரு வலைப்பூ திறந்து கதையை ஏற்றிவிட்டார். பார்வையாளர் கணக்கில் ஒன்று என்று காட்டியது. "ஒண்டுதானே" என்றேன் நான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "ஏன், நான் ஆளில்லையா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் வெட்கம் நிலைக்கவில்லை. எனக்கு ஆள் சேர்க்கும் பைத்தியம் பிடித்தது. மேசையில் இருந்தபடி மணிக்கு ஒருதரம் அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பேன். நேற்றையைவிட இன்று குறைந்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அவருடைய வழி வேறு. கனடாவிலிருந்து ஒருவர் 'அருமை' என்று ஒரே ஒரு சொல் போட்டிருந்தார். அந்த ஒரு சொல்லுக்குத் தாத்தா பத்து வரியில் பதில் எழுதினார். எந்த இடம் பிடித்தது, அங்கே இப்போது பனியா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு. அந்த மனிதர் ஒரு வாரம் கழித்துத் தன் தாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் போகவில்லை. இப்படித்தான் ஒவ்வொருவராகப் பிடித்தார் தாத்தா.

எனக்கு அந்தப் பொறுமை ஏது? கதை ஏற்றியதும் சுட்டியை எல்லாக் குழுக்களிலும் போடுவேன். கோயில் பாடகர் குழு, பழைய மாணவர் குழு, ஆட்டோக்காரர் குழு. விடுதிக் குசினிக்கு மீன் வாங்குவதற்காக என்னையும் மீன் விலைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். அதையும் விடவில்லை. முதல் தடவை போட்டபோது படகு வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி, "இது என்ன மீன் தங்கச்சி, கிலோ என்ன விலை?" என்று கேட்டார். தாத்தாவும் நானும் கடையில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர், "சொன்னாக் கேளு. மீன் வாங்க வந்தவனுக்குக் கதையக் குடுத்தா அவன் அதையும் பொரிச்சுத் திண்டிருவான்" என்றார். நான் கேட்கவில்லை.

ஒரு மழைப் பின்னேரம் கடையில் கரண்ட் போய்விட்டது. இயந்திரங்கள் எல்லாம் நின்ற அந்த அமைதியில், தம்பி நவாஸைப் பற்றிச் சொன்னார். நீலப் படகில் கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. உம்மா மட்டும் அவன் இந்தியச் சிறையில் இருக்கிறான் என்கிறார். அவனுடைய சாரங்களைத் துவைத்து மடித்து அலுமாரியில் வைக்கிறார். அவனுக்காக எந்தத் தொழுகையும் வைக்க விடவில்லை. "எங்கட வீட்டில அவன்ட பேரோட மௌத்து எண்ட சொல்ல ஆரும் சேக்கிறல்ல. உம்மா இரிக்கும்வரைக்கும் நான் இத எழுதவுமாட்டன்" என்றார். கண் கலங்கவில்லை. குரலிலும் ஒரு மாற்றமில்லை. கரண்ட் வந்தது, யாரோ பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுக்க வந்தார், அவரும் எழுந்து போனார்.

அதை நான் எழுதினேன். அவரிடம் கேட்காமல், காட்டாமல். திருட்டு என்று அப்போதே என் மனதுக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன். பையனின் பெயரை அந்தோனி என்று மாற்றினால் அது கற்பனையாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். கதையில் உச்சமுனைத் தீவு ஆட்கள் படகைக் கண்டெடுக்கிறார்கள், உடலும் கிடைக்கிறது, பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்கிறார்கள். 'நீலப் படகு கிடைத்தது' என்று தலைப்பு வைத்தேன். காலையில் ஏற்றி, சுட்டியை எல்லாக் குழுவிலும் போட்டேன். ஐயோ, வந்தார்களே ஆட்கள்! மதியத்துக்குள் அதுவரை எழுதிய எல்லாக் கதைகளுக்கும் வந்ததைவிட அதிகம். நான் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று ஆடாத குறை.

மீன் விலைக் குழுவில் விலை மட்டும் வருவதில்லை. காற்று எச்சரிக்கை வரும், காணாமல் போன படகு பற்றியும் வரும். சுட்டிக்குக் கீழே தலைப்பும் முதல் இரண்டு வரியும்தான் தெரியும். அங்குள்ளவர்கள் அதைத் திறக்கவே இல்லை. தலைப்பைப் பார்த்தார்கள், அடுத்த குழுவுக்கு அனுப்பினார்கள். இந்தக் கரையில் காணாமல் போன நீலப் படகு ஒன்றுதான். மதிய லுஹர் தொழுகை முடிகிற நேரம் தாத்தாவின் வீட்டு வாசல் நிறைய ஆட்கள். சொந்தக்காரர், சம்மாட்டிமார், போத்தலில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள். உம்மா வெளியே வந்து எல்லோரையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "மையத்து எங்க?" உடலைக் கேட்டதும் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுத்துச் செய்தியைத் திரும்பப் பார்த்தார்களாம்.

தாத்தா எனக்குப் போன் எடுத்து, "குழுவில போட்டத அழி, ஜெசி" என்றார். நான் வலைப்பூவைத் திறந்தபோது கதைக்குக் கீழே அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்: 'இது கற்பனைக் கதை. எழுதியவர் என் தோழி. படகு எதுவும் கிடைக்கவில்லை. தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு யாரும் வரவேண்டாம். றிஸானா.' சொந்தப் பெயரில் அவர் இணையத்தில் எழுதிய ஒரே இடம் அது. விடுதி முதலாளியிடம் முறையிட வரவிருந்த படகுச் சங்கத்தினர் அந்தத் தோழி என்ற சொல்லால்தான் நின்றார்கள் என்று பிறகு அறிந்தேன். சுட்டியை மட்டுமல்ல, பயத்தில் கதையையே அழித்தேன். அதோடு அவருடைய அந்த வரிகளும் போய்விட்டன.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தார். "உம்மா உன்னக் கூட்டிவரச் சொல்றா. முழுக்கதையும் கேக்கணுமாம். என்னை வாசிக்கச் சொன்னா, நான் ஏலா எண்டுட்டன். எழுதினவதான் வந்து வாசிக்கணும். எப்ப வாற?" "சீசன் முடிய வாறன் தாத்தா" என்றேன். வெள்ளைக்காரர் வரும் காற்றுச் சீசன் முடிந்தது. அடுத்ததும் வந்து முடிந்தது, இரண்டு வருடம் போயிற்று. அந்தக் கிழவி என் தலையில் மண்ணள்ளிப் போடுவார் என்றுதான் நினைத்தேன். வங்கிக்குப் போனால்கூடக் கடைத் தெருவால் போகமாட்டேன், பள்ளிவாசலுக்குப் பின்னால் சுற்றிப் போவேன்.

அந்தச் சம்பவத்தோடு எங்கேயும் சுட்டி போடுவதை நிறுத்தினேன். வந்தவர்கள் வந்த வேகத்தில் போய்விட்டார்கள். கதை போட்டால் கிணற்றில் கல் போட்டதுபோல ஒரு சத்தமும் இராது. தாத்தா மட்டும் வருவார். ஏற்றிய அன்றே வருவார். 'இந்தப் பொம்பிள ஏன் இவ்வளவு கெதியா மன்னிக்கிறா? ரெண்டு நாள் கோபமா இருக்கட்டுமே' என்று ஒருமுறை எழுதினார். முன்பின் தெரியாதவர்களுக்குப் பத்து வரி எழுதிய மனுஷிக்கு நான் போட்ட பதில், 'நன்றி'. ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சொல்தான். இப்போது நினைக்க என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

மௌத்துச் செய்தி வந்த அன்றைக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். கால்மணி நேரப் பயணம், அவ்வளவுதான். ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் இருந்த அறைக்குள் போனேன். யாரோ என்னை உம்மாவிடம் கொண்டுபோனார்கள். பாயில் சுவரோடு சாய்ந்திருந்தார்.

"ஆரு புள்ள?"

"ஜெசிந்தா, உம்மா. கண்டக்குழி."

"கதை எழுதினவவா?"

"ஓம் உம்மா."

கையைப் பிடித்தார். தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தேன். இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். "சொல்லு" என்றார்.

"இப்பவா உம்மா?"

"வேற எப்ப? நீ வாறதுக்குள்ள மற்றப் புள்ளையும் போயிட்டு."

"அந்தக் கதைய அழிச்சிட்டன் உம்மா."

"வாய் இரிக்குத்தானே. சொல்லு."

சொன்னேன். அந்தோனி என்று தொடங்கியதுமே நிறுத்தினார். "அந்தோனி ஆரு? நவாஸ் எண்டு சொல்லு." நவாஸ் என்று சொன்னேன். உச்சமுனைக்காரர் படகைக் கண்டதைச் சொன்னேன். பெட்டி என்று வந்ததும் மறுபடி நிறுத்தினார். "பெட்டி என்னத்துக்கு? எங்கட ஆக்களப் பெட்டியில வச்சு அடக்கிறல்ல. கபன் துணி. ஆரு அவனக் குளிப்பாட்டின?" என் கதையில் ஒருவரும் அவனைக் குளிப்பாட்டவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. "உச்சமுனைப் பெரியாக்கள், உம்மா. இளஞ்சூட்டுத் தண்ணி வச்சு, பக்குவமா" என்றேன். "கண் மூடி இருந்திச்சா?" "ஓம் உம்மா, மூடி இருந்தது." "தொழுவிச்சாங்களா?" "ஓம் உம்மா. கனபேர் வந்து தொழுதாங்க."

சுற்றியிருந்த பெண்கள் கிட்ட நகர்ந்து வந்தார்கள். உம்மா என் கையை விடாமல் அழத் தொடங்கினார். மகனின் பெயரைச் சொல்லி அழுதார், பிறகு மகளின் பெயரைச் சொல்லி, பிறகு இரண்டையும் சேர்த்து. நவாஸ் போன இத்தனை வருடத்தில் அவர் அழுது தாங்கள் கேட்டதில்லை என்று பிறகு அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"இதுக்குத்தான் புள்ள அவ தான் வாசிக்காம உன்னக் கூப்பிட்ட. நான் அழாம அவ அழமாட்டா. தம்பிக்காக அவ ஒரு நாளும் அழல்ல, நான் கண்டிருவன் எண்டு."

நண்பர்களே, நீங்கள் அவர் எழுதிய பதில்களைப் பற்றி எழுதுவீர்கள், உங்களை எழுத வைத்ததைப் பற்றி எழுதுவீர்கள். எல்லாம் உண்மை. என்னிடம் மீந்திருப்பது வேறு. ஊர் உலகமெல்லாம் வாசகரைத் தேடி அலைந்த எனக்காக, அவர் தன் வீட்டிலேயே உம்மாவை ஒரு வாசகியாக வைத்துக்கொண்டு இரண்டு வருடம் காத்திருந்தார். நான் போகவில்லை. றிஸானா தாத்தா தம்பிக்காக அழாமலே போய்விட்டார்.