கக்கூஸில் தொடங்கும் சிப்பிப் பாடம்

சிப்பிப் பண்ணையில் பயிற்சிக்கு வந்து சேருகிறவர்களை டீச்சர் முதலில் கடலுக்கு அழைத்துப் போவதில்லை. கக்கூஸுக்கு அழைத்துப் போகிறார். பயிற்சிக்கூடத்தின் பின்புறம் இருக்கும் அந்தச் சின்ன அறையின் கதவைத் திறந்து வைத்து, எல்லோரையும் எட்டிப் பார்க்கச் சொல்லி, தண்ணீரை இழுத்து விடுகிறார். "இது எங்க போகுது? சொல்லுங்க." சிப்பி வளர்ப்பைப் பற்றி எழுதலாம் என்று வெள்ளைச் சட்டையில் போய் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கடலுக்கு" என்று யாரோ முனகினார்கள்.

"கடல்ல யாரு இருக்கா? நம்ம சிப்பி. அது நாள் முழுக்கக் குடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க விடுறதையும் சேர்த்துத்தான். இப்ப வாங்க, கயித்தப் பார்ப்போம்."

குள்ளமான உருவம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உளி மாதிரிக் குரல். எதையும் முகர்ந்து பார்க்காமல் தொடமாட்டார். கயிறு, கூடை, வேலையாளின் கையுறை, எல்லாமே மூக்குக்குப் போய்விட்டுத்தான் திரும்பும். முதுகுக்குப் பின்னால் 'மூக்கு டீச்சர்' என்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். "மூக்கு இல்லாத ஆளா பார்த்து மேனேஜராப் போட்டாங்க. இருக்கிற ஆள டீச்சராப் போட்டாங்க" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

மிதவையில் இருந்து தண்ணீருக்குள் தொங்கும் கயிறுகளில்தான் சிப்பிகள் ஒட்டி வளர்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு ஆசை அதிகம். கொத்துக் கொத்தாக அடைந்திருப்பதைக் கலைக்க மனம் வராது. டீச்சர் இரண்டு கையாலும் பிய்த்து எடுத்து வேறு கயிற்றுக்கு மாற்றுவார். "ஒரே பாயில ஊரே படுத்தா யாருக்குத் தூக்கம் வரும்?" பொடிசுகளை எடைக்காகக் கூடையில் போட்டவர் அன்றைக்குத் தொலைந்தார். நைலான் துண்டு ஒன்று தண்ணீரில் விழுந்தாலும், விட்டவரே துடுப்புப் போட்டுப் போய் எடுத்து வர வேண்டும்.

ஒருநாள் கண்ணாடித் தொட்டியில் சேற்றுத் தண்ணீரை நிரப்பி, பத்துப் பன்னிரண்டு சிப்பிகளைப் போட்டு வைத்தார். மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் அடிமட்டம் வரை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். "எதுக்குத் தட்டுறீங்க? அந்த அழுக்கு இப்ப எங்க இருக்கு?" என்றார். அப்போதுதான் தட்டிய கைகள் நின்றன. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

நான் போயிருந்த சமயம் பண்ணைக்கே கண்டம். சிப்பியில் மலக்கிருமி இருப்பதாக ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் அறுவடை. மூன்றாவது முறையும் அதே முடிவு வந்தால் பண்ணையை இழுத்து மூடிவிடுவார்கள். பயிற்சி முடித்தவர்களின் முதல் அறுவடை அது. டீச்சர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "எந்த வீட்டுக் கக்கூஸ் தொட்டி ஒழுகுதோ, அந்த வீட்டு ஆளுக்கு இந்தப் பண்ணையில வேலை கிடையாது. அது யாரா இருந்தாலும் சரி."

சொல்லும்போது அவர் கண் போனது லைன் வீட்டுப் பெண்கள் பக்கம்தான். பண்ணைக்கு வடக்கே வரிசையாக இருக்கும் பழைய வீடுகள் அவை. தொட்டிகள் அதைவிடப் பழசு. அங்கிருந்து வருகிற ஒருத்திக்கு 'வாயாடி' என்று பெயர். அன்றைக்கு அவளும் வாயடைத்துப் போனாள். "எங்க வீட்டுல வந்துட்டா என் கதி அதோகதிதான் சார். இந்த வேலைய நம்பித்தான் பழைய வேலைய விட்டேன்" என்றாள் என்னிடம்.

தினம் ஒரு வீடு. கக்கூஸில் பச்சைச் சாயப்பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை படகில் போய்ப் பார்க்க வேண்டும்; கடலில் பச்சை தெரிந்தால் அந்த வீட்டுத் தொட்டி ஒழுகுகிறது. லைன் வீடுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. சாயம் எங்கும் வரவில்லை. டீச்சர் முகத்தில் நிம்மதியைவிடக் குழப்பம்தான் அதிகம் தெரிந்தது.

வாயாடிக்கு வாய் திரும்பிவிட்டது. "டீச்சர் வீடு மட்டும் விட்டுப்போச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர்தான் பலமாகச் சிரித்தார். "வாங்கடி, வந்து ஊத்துங்க. என் புருஷன் கட்டின தொட்டி, பூகம்பம் வந்தாலும் அசையாது." அவர் கணவர் கொத்தனார். கடலோரம் புதிதாகக் கட்டிய அந்த வீட்டில் ஒவ்வொரு செங்கல்லும் அவர் கை வைத்தது. சாயப்பொடியை டீச்சரே கையில் வாங்கிக் கொட்டினார். "சார், இதையும் எழுதிக்கங்க. கொத்தனார் வீட்டுத் தொட்டி கோட்டை மாதிரி."

மறுநாள் காலை படகில் நான், டீச்சர், படகுக்காரர் மூவரும் போனோம். மற்றவர்கள் படகுத்துறை மரப்பாலத்தில் நின்றுகொண்டு கிண்டலாகக் கையசைத்தார்கள். டீச்சர் எனக்குக் கயிறு கட்டும் முறையை விளக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்குக் கீழே கல்கரையைச் சுற்றித் திரும்பியதும் படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார்.

பச்சை. பாசியின் பச்சை இல்லை, வெயில் பட்டுப் பளீரென்று மின்னுகிற பச்சை. கல்லிடுக்கிலிருந்து நூல் நூலாகக் கசிந்து, நேராகக் கயிறுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இல்ல" என்றார் டீச்சர். "இல்ல, இது லைன் வீட்டோடது."

"லைன் வீடு அந்தப் பக்கம், டீச்சர்" என்றார் படகுக்காரர் மெதுவாக.

பேயறைந்த முகத்தோடு டீச்சர் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக எத்தனை பேரைக் கக்கூஸ் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பார்! நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காத்து திரும்பினா கலைஞ்சிடும்" என்றார் படகுக்காரர். "பாலத்துலேர்ந்து பார்த்தா இந்த இடம் தெரியாது. தொட்டிய சத்தமில்லாம அடைச்சிடுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன். சாரும் எழுத மாட்டார்."

டீச்சர் பச்சை போகிற பக்கம் தொங்கிய கயிறுகளைப் பார்த்தார். "அடுத்த வாரம் இந்தச் சிப்பிய யாரோ ஒரு வீட்டுல பிள்ளைக்கு ஊட்டுவாங்களே" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு படகில் கிடந்த கண்ணாடிப் புட்டியை எடுத்து அந்தத் தண்ணீரை நிரப்பி மூடி, காலடியில் வைத்துக்கொண்டார். "திருப்புங்க."

பாலத்தை நெருங்க நெருங்கச் சிரிப்பு கேட்டது. "என்ன டீச்சர், கோட்டை பத்திரமா இருக்கா?" என்று கத்தினாள் வாயாடி. டீச்சர் எழுந்து நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் பாலத்தில் சிரிப்பு அடங்கியது.

டீச்சர் குனிந்து புட்டியை எடுத்து, வெயிலில் பச்சை எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். படகு போய்ப் பாலத்தில் இடித்து நின்ற பிறகும் அவர் அதைக் கீழே இறக்கவில்லை.