கொடியில் காய்ந்த அங்கி

புதுச்சத்திரத்துக்குத் தெற்கே நாலு மைலில், ஒரு மேட்டின் மேல் எங்கள் பங்கின் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. யுத்த காலத்தில் அதற்குச் சாமியாராக வந்தவர் தங்கசாமி. அதற்கு முன்பு திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். பௌதிகத்தை விட்டுவிட்டு வந்தவர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். விடவில்லை, கூடவே கூட்டி வந்திருக்கிறேன் என்பார். அப்படிக் கூடவே வந்த, காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் ஒன்று அவருடைய சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கியது.

கோயில் மேட்டிலிருந்து பார்த்தாலே அவர் பிறந்த வீடும் அதன் முன்னால் விரிந்த களமும் தெரியும். அப்பா சென்னியப்பன் நிலபுலன் உள்ள பண்ணையக்காரர். தாயில்லாத ஒரே பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பி எம்.ஏ. வரைக்கும் படிக்கவைத்தார். பிள்ளைக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. ஒலியைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி என்று, கல்லூரிக் கோயிலுக்குள் எதிரொலியை அளக்கச் சாயங்காலங்களில் போனார். அளந்து முடித்த பிறகும் போய்க்கொண்டே இருந்தார். பிறகு ஞானஸ்நானம், பிறகு குருமடம். 1931-ல் அதைச் சொல்ல ஊருக்கு வந்தபோது அப்பா சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, இனி இந்த ஊட்டில் உனக்கு வேலையில்லை என்று மட்டும் சொன்னார். அதுதான் கடைசிப் பேச்சு.

குருக்களை நியமிக்கிற மேற்றிராணியார் எதை நினைத்து அவரைச் சொந்த மண்ணுக்கே அனுப்பினாரோ தெரியாது. சந்தையில் மகன் எதிரே வந்தால் சென்னியப்பன் குனிந்து மாட்டின் குளம்பை ஆராய்வார். மாடு ஓட்டி வராத நாளில் தன் செருப்பை ஆராய்வார். சாமியாருக்கு வேறு குறையே கிடையாது. நன்றாகச் சிரிப்பார், நன்றாகச் சாப்பிடுவார். அப்பா ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்பதை மட்டும் சமையல்காரர் குழந்தைவேலிடம் அடிக்கடி சொல்வார்.

காலைப் பூசைக்குப் போகுமுன் பாரோமீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். முள் தினமும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்தக் கணக்குக்கு மேல் இறங்கிவிட்டால் கடல் பக்கம் புயல் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். உடனே கொடியில் காயும் வெள்ளை அங்கியை உள்ளே எடுக்கச் சொல்வார். குழந்தைவேலுக்கு வாய் சும்மா இருக்குமா? இரண்டு கார்த்திகை போவதற்குள் மேட்டைச் சுற்றியிருந்த களங்களில் எல்லோரும் கொடியை அண்ணாந்து பார்க்கப் பழகிவிட்டார்கள். அங்கி தொங்கினால் கடலைக்காயைக் காயப்போடுவார்கள். அங்கி இல்லையென்றால் சாக்கோடு ஓடுவார்கள்.

அங்கிக்கு அருள் வந்திருக்கிறது என்ற பேச்சும் கிளம்பியது. சாமியாருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றுக்கு எடை உண்டு என்று பிரசங்கத்தை ஆரம்பித்து வெகுநேரம் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். காற்றையே நிறுத்துப் பார்க்கிற சாமி வேறெந்த ஊரில் இருக்கிறது என்று, பூசைக்கு வந்திருந்த முத்தாயம்மாள் வழிநெடுகப் பெருமையடித்துக்கொண்டு போனார்.

சரி, இனி அங்கியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுவோம் என்று சாமியார் முடிவு செய்தார். முதல் நாளே கொடி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது சுற்றுவட்டாரமே கடலைக்காயை வாரிக் கட்டியது. மழை வராததற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சாமி தடுத்துவிட்டார் என்றார்கள்.

எம்.ஏ. படித்தவருக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அடுத்த ஞாயிறு கண்டிப்பாக அறிவித்தார். இனி மழையானாலும் வெயிலானாலும் அங்கி கொடியில்தான் தொங்கும். அதை யாரும் பார்க்க வேண்டாம். மழையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் நேரில் வந்து கேட்கலாம், முள் காட்டுவதைச் சொல்வேன் என்றார். கோயிலில் கேட்டவர்கள் கோயிலுக்கு வராதவர்களுக்கும் சந்தையில் சொல்லிவிட்டார்கள். சென்னியப்பனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் முன்னால் மகன் பேச்சை எடுக்க எவருக்கும் தைரியம் கிடையாது. அவர் போய் அந்தக் கொடியைப் பார்ப்பார் என்று ஒருவரும் நினைக்கவும் இல்லை.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் முள் நன்றாகவே இறங்கியது. வந்து கேட்டவர்கள் தப்பித்தார்கள். மத்தியானம் பிடித்த மழை மறுநாள் விடிந்த பிறகுதான் விட்டது. கொடியில் அங்கி சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் விடாததுமாகச் சென்னியப்பன் மேடேறி வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. இடுப்பில் ஒரு கூடை நனைந்த கடலைக்காய். சாமியார் வாசலுக்கு ஓடி வந்தார்.

“ஏன்டா, மழை வாரது தெரிஞ்சும் அங்கிய ஏன்டா எடுக்கல?”

“நீங்க பாப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்கப்பா.”

“பாக்காம? நீ இங்க வந்த அன்னைக்கிருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது கிழவருக்கே உறைத்தது. கூடையை இறக்கிவைத்துக் கடலைக்காயைக் கிளற ஆரம்பித்துவிட்டார். சாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, சிறு பிள்ளை மாதிரி அழுதுகொண்டே தானும் கிளறினார். அதைச் சொல்லும்போதெல்லாம் குழந்தைவேலுக்கும் கண் கலங்கிவிடும்.

மிச்சமெல்லாம் களத்தில் கிடக்கிறதே, முளைத்துவிடுமே என்று கிழவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. அகலமாகவும் ஒழுகாமலும் இருந்த கூரை அந்தப் பக்கத்தில் கோயிலுக்குத்தான். அப்பாவும் மகனும் வண்டியில் ஏற்றிவந்து பீடத்துப் படிவரைக்கும் பரப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த ஜனம் சுவரோரமாக ஒண்டிக்கொண்டது. சென்னியப்பன் வாசற்படியை ஒட்டிக் குந்தியிருந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கடலைக்காயைத் திருப்பிப் போட்டபடி இருந்தார். பிரசங்கம் பாதி நடக்கும்போது கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“கொஞ்சம் சத்தமாப் பேசுடா. இங்க கேக்க மாட்டீங்குது.”