பேரம் பேசாத வாடிக்கையாளர்

டை கட்டிக்கொண்டு நயமாகப் பேசுகிற எவனையும் நான் நம்புவதில்லை. தொண்ணூறுகளில் கரையான்சாவடியில் மின்சாதனக் கடை நடத்திய காலத்தில் இவ்வெறுப்பு என்னுள் வேரூன்றியது.

மண்ணூர்பேட்டையில் கதவடைக்கப்பட்ட ஆலையொன்றில் லேத் ஓட்டியவரின் மனைவி என் பழைய வாடிக்கையாளர். ஓர் இஸ்திரிப் பெட்டிக்காக முற்பகல் முழுதும் என்னோடு வாதாடியவர். அத்தகையவர் ஒருநாள் வந்து, விலையுயர்ந்த மிக்ஸியொன்றைக் கேட்டார். விலை சொன்னேன். மறுபேச்சின்றிப் பணத்தை எடுத்து மேசைமீது வைத்தார். ஓட்டிக் காட்டும்படியும் கேட்கவில்லை; என் முகத்தையே உற்று நோக்கினார். அவர் காதுகளில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது.

"இன்னாம்மா, பேரமே பேசல? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"பேசக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க அண்ணாத்தே. நீ சிரிச்சுப் பேசறியான்னுதான் பாக்கணும்" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

துருவிக் கேட்டேன். பூந்தமல்லியில் மாடி அறையொன்றை வாடகைக்கு எடுத்திருந்த, டை கட்டிய ஒருவன், இரகசிய வாடிக்கையாளர் வேலை தருகிறானாம். சொந்தப் பணத்தில் பொருள் வாங்கி, கடைக்காரரின் நடத்தையைத் தாளில் எழுதி, இரண்டையும் அவனிடம் ஒப்படைக்க வேண்டுமாம். விலையும் சம்பளமும் பிறகு வருமாம். கணவரிடம்கூடச் சொல்லலாகாதாம்.

கம்மலை அடகு வைத்த பணம் மேசைமீது கிடந்தது. நான் மிக்ஸியை உள்ளே எடுத்து வைத்தேன்.

"உனக்கு விக்க மாட்டேம்மா."

"ஏன், என் துட்டு துட்டு இல்லியா? கடைக்காரன் மரியாத தெரியாதவன்னு எழுதிடுவேன், பாத்துக்க!"

"நல்லா எழுது. அத மட்டும் எடுத்துகினு போய் அவன்கிட்ட குடு. படிச்சான்னா வா, மிக்ஸி தரேன். எழுதறதுதானே உன் வேல?"

என் எதிரிலேயே அமர்ந்து, என்னை நார்நாராகக் கிழித்தெழுதினார். எதிர்க்கடையில் வாங்கிவிடுவாரோ என அஞ்சினேன். ஆனால் என்னைத் தோற்கடிக்கும் வெறி அவரை நேரே பூந்தமல்லிக்கு இழுத்துச் சென்றது.

மாலையில் இறுகிய முகத்தோடு திரும்பினார்.

"ரெண்டு பக்கம் எழுதினேன். பொறுக்கி, தொட்டுக்கூட பாக்கல. 'மிக்ஸி எங்க மேடம், மிக்ஸி எங்க'ன்றான். 'படிய்யா'ன்னா, 'அப்பறம் பாக்கலாம், மொதல்ல பொருள கொண்டாங்க'ன்னு இளிக்கிறான். சொவரோரமா பிரிக்காத பெட்டி அடுக்கி வச்சிக்கீறான் அண்ணாத்தே."

அப்பெட்டி ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் கம்மல், யாரோ ஒருத்தியின் வளையல்.

காவல் நிலையத்திற்குச் சென்றேன். "நீ இன்னா ஏமாந்த? ஏமாந்தவனை வரச் சொல்லு" என்று திருப்பியனுப்பினார்கள். சில நாள்களில் செய்தி பரவி, ஏமாந்தவர்கள் பூந்தமல்லியில் திரண்டபோது அந்த அறை பூட்டிக் கிடந்தது, பெட்டிகளும் போயிருந்தன. மாடிப்படியில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். அந்தச் சாபம் அவனுக்குப் போதாது என்பதே இன்றளவும் என் கருத்து.

பூந்தமல்லியிலிருந்து திரும்பிய அன்று மாலையே அந்தப் பெண்மணி பணத்தோடு நேரே அடகுக் கடைக்குத்தான் போனார். எனக்கு நன்றி கூறவில்லை. "இந்தா, நீயாவது படி" என்று தாளை என் மேசைமீது வீசிவிட்டுப் போனார்.

படித்தேன். ஒரு வரியும் பொய்யில்லை.