மெத்தை சுமப்பவர்

முழங்காலை ஊன்றி ஓர் அழுத்து. பிறகு கட்டைவிரலால் ஓரத்தில் ஒரு குத்து. பாறையடியில் விரித்த மெத்தையை அவர் இப்படிச் சோதித்துக்கொண்டிருக்கும்போது யாரும் ஏறக் கூடாது. மீறினால் திட்டு விழும். "மேல பாக்கறதுக்கு எல்லாரும் இருக்கீங்க. கீழ பாக்கறதுக்கு நான் ஒருத்தன்தான். பொறுங்க."

கயிறு கட்டாமல், இரண்டு ஆள் உயரப் பாறைகளில் கையும் காலுமாகப் பற்றி ஏறுகிற விளையாட்டு எங்களுடையது. விழுந்தால் தாங்குவதற்கு, மடித்து முதுகில் மாட்டிக்கொண்டு போகும் தடித்த நுரை மெத்தைகள்தான் துணை. அவற்றைச் சுமந்து வருவதால் அவருக்கு 'மெத்தை' என்று பெயர் வந்தது. பிழைப்பும் அதை ஒட்டியதே. பழைய சோபாக்களுக்கு உறை மாற்றும் கடையில் வேலை. புருவத்தில் எப்போதும் நுரைத்தூள் இருக்கும். சின்ன ஆணிகளை உதட்டில் கவ்வியபடி வேலை செய்து பழகியவர். வாய் காலியாக இருக்கும்போதும் ஓரவாயால்தான் பேசுவார். ஒருமுறை பல் மருத்துவரிடம் அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். கன்னம் வீங்கிய நிலையிலும் இருக்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள வெறும் குப்பை. வலியில வர்றவன் இதையா கேக்கப்போறான்னு நினைச்சுட்டாங்க" என்றார்.

ஒரு காலத்தில் எங்களில் நன்றாக ஏறியவர் அவர்தான். இப்போது ஏறுவதில்லை. இரண்டு வசந்தங்களுக்கு முன், பள்ளிக்கூட நாள் முதல் அவருடைய நண்பரான ஒயர், பாறை உச்சிக்கு ஒரு முழம் கீழே பிடி நழுவி விழுந்தார். ஒயர் என்பது எலக்ட்ரீஷியனுக்கு நாங்கள் வைத்த பெயர். ஆளும் அப்படித்தான், ஒல்லி. அன்று மெத்தைகளை விரித்தவர் இவர். ஒழுங்காகத்தான் விரித்திருந்தார். விழுந்த வேகத்தில் இரண்டு மெத்தைகளும் விலக, நடுவில் தெரிந்த ஒரு சாண் தரையில் ஒயரின் முதுகு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அன்றோடு உணர்வு போயிற்று. மெத்தையை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு அவர் எல்லா மெத்தைகளின் விளிம்பிலும் அகலமான ஒட்டுப்பட்டைகளைத் தைத்தார்; ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் இழுத்தாலும் பிரியாது. கடை மூடியதும் நேரே ஒயர் வீடு. செயலற்ற கால்களை மடக்கி, நீட்டி, திருப்பி, மறுபடி மடக்குவார். ஒயரோ யாருடைய இஸ்திரிப்பெட்டியையாவது மடியில் பிரித்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். மெத்தை தலை நிமிராமல் 'உம்' கொட்டுவார். ஒயரின் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் மாலை வேலை. "மெத்தை அண்ணன் வராட்டி நான் என்னிக்கோ வேலைய விட்டிருக்கணும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த ஆண்டு குளிர் விட்ட முதல் ஞாயிறன்று, தானும் வருவேன் என்று ஒயர் பிடிவாதம் பிடித்தார். சக்கர நாற்காலி, வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும்தான். அதற்கு மேல் வேரும் கல்லுமான ஏற்றம். மெத்தைகளை எங்களிடம் கொடுத்துவிட்டு, மெத்தை ஒயரை முதுகில் ஏற்றிக்கொண்டார். "பாத்துடா, பழக்கதோஷத்துல மடிச்சு வச்சுடாதே" என்று ஒயர் மேலிருந்து கேலி பேசிக்கொண்டே வந்தார். புதுத்தளிர் விட்ட கிளைகள் முகத்தில் உரசும்போதெல்லாம் சிரித்தார்.

ஒரு மரத்தில் சாய்த்து அவரை உட்காரவைத்தோம். கூட வந்திருந்த தங்கை கால்களுக்குப் போர்வை போர்த்தினாள். நாங்கள் ஏறினோம், விழுந்தோம். சிரிக்கலாமா என்று ஒயரை ஒருமுறை பார்த்துக்கொண்டு சிரித்தோம். மெத்தை ஒவ்வொருவருக்கும் பின்னால் கைகளை ஏந்தியபடி நின்றார்.

"நீ ஏறுடா" என்றார் ஒயர்.

"நான்தான் விட்டுட்டேனே."

"எனக்காகவா விட்டே?"

மெத்தை குனிந்து ஓரத்தை அழுத்தினார்.

"ரெண்டு வருஷமா தினம் வந்து என் காலையே பாக்கறே. என் மூஞ்சிய நீ பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? சாவு வீட்டுல உக்கார்ற மாதிரி உக்காந்துட்டுப் போறே. நான் இன்னும் சாகலடா!"

"அண்ணா, விடுண்ணா" என்றாள் தங்கை.

"நீ சும்மா இரு. டேய், இன்னிக்கு ஏறலன்னா நாளைலேர்ந்து வீட்டுப் பக்கம் வராதே."

மெத்தை எங்களைப் பார்த்தார். நாங்கள் மண்ணைப் பார்த்தோம். அவர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார். கைக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. இடுப்பைத் திருப்பி, விரல் நுனியை விளிம்பில் மாட்டி, சத்தமில்லாமல் மேலே போனார். உச்சிக்கு ஒரு முழம் கீழே நின்றுவிட்டார். வலது கால் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டது. அங்கிருந்தே எம்பினார். விரல் தொட்டது, பிடிக்கவில்லை.

முதுகு கீழாக வந்து விழுந்தார். மெத்தைகள் அசையவில்லை. தூசி எழுந்து அடங்கியது.

"அடிபட்டுச்சா?" என்று ஒயர் கேட்டார்.

"இல்லடா."

"எங்கயும்?"

"எங்கயும் இல்ல."

ஒயர் தலையாட்டினார். பார்வை தன் போர்வை மேல் போய் நின்றது. ஏறச் சொன்னவர் அவர்தான். அந்த 'இல்ல' தன்னை இப்படிக் கிழிக்கும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். மெத்தை எழுந்து, முழுசாக இருப்பதற்கே வெட்கப்பட்டவர் போல, கைகளைத் தட்டாமல் நின்றார்.

"நாளைக்கு வரட்டுமா?" என்று கடைசியில் அவர்தான் கேட்டார்.

"கொஞ்ச நாள் வேணாம்டா. உன் மேல கோவம் இல்ல. என்னால முடியல."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு பைகளை எடுத்தாள்.

வராதே என்று சொன்னவரைக் கீழே கொண்டுபோக, மெத்தையின் முதுகு ஒன்றுதான் இருந்தது. மெத்தை குந்தி உட்கார, நாங்கள் ஒயரைத் தூக்கி வைத்தோம். திரும்பும் வழியில் கேலி இல்லை. அவர் ஒவ்வோர் அடியையும் காலால் தடவிப் பார்த்து வைத்தார். பாதி இறக்கத்தில் நின்றார். கண்ணில் வேர்வை இறங்கிவிட்டது. இரண்டு கைகளும் ஒயரின் முழங்கால்களைத் தாங்கியிருந்தன. தலையை உதறிப் பார்த்தார், சரிப்படவில்லை. ஒயர் தன் சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, அவர் நெற்றியைத் துடைத்தார். பிறகு ஒரு கண்ணை. பிறகு இன்னொன்றை.