நைனாவின் வருமானம்

எனக்கு வேலூரில் பி.எஸ்ஸி. கணக்கில் இடம் கிடைத்தபோது நைனா எங்களை விட்டுப் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. செத்துப்போகவில்லை. கலசப்பாக்கத்தில் வேறொரு பெண்ணோடு இருந்தார். ஆரணியில் எங்கள் தெரு முழுக்க அது தெரியும். அம்மா கூலிக்குப் பட்டு நெய்து எங்கள் இரண்டு பேர் வயிற்றையும் பார்த்துக்கொண்டாள். எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன.

ஸ்காலர்ஷிப் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. விடுதிப் பணம் கட்டத் தவணை கேட்கப் போன இடத்தில், கல்லூரி ஆபீஸ் அம்மாதான் சொன்னார்கள்.

"ஃபாரம் ரெண்டு எழுதணும். சாதி சர்டிபிகேட், மார்க் சீட் காப்பி, அப்பாவோட வருமானத்துக்கு உறுதிமொழி. தாலுகா ஆபீஸ்ல தாசில்தார் கையெழுத்தும் சீலும். மாசக் கடைசிக்குள்ள வரணும்."

ஆரணி பஸ்ஸில் ஃபாரத்தை நான்கு முறை படித்தேன். 'தகப்பனார் அல்லது பாதுகாவலர்' என்று இருந்தது. பாதுகாவலர் என்றால் அம்மா என்று எடுத்துக்கொண்டு, அவள் கையெழுத்தை வாங்கித் தாலுகா ஆபீசில் கொடுத்தேன். குமாஸ்தா மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பா இருக்காரா?"

"இருக்காரு. எங்ககூட இல்ல."

"கூட இல்லன்னு இதுல கட்டம் கிடையாதும்மா. உசுரோட இருந்தா அவர்தான் கையெழுத்துப் போடணும்."

மறுநாள் போளூர் போய் பஸ் மாறி கலசப்பாக்கத்தில் இறங்கினேன். பயமோ கோபமோ இல்லை. ரேஷன் கடைக்குப் போவது போலத்தான் போனேன். நைனா ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தார். முன்பு தறியில் உட்கார்ந்தவர். கழுத்தெல்லாம் புழுதி. என்னைப் பார்த்ததும் தராசை விட்டுவிட்டு வந்தார்.

"இன்னாம்மா, அம்மாக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. கையெழுத்து வேணும்."

மண்டியில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். "எம் பொண்ணு. காலேஜ்ல படிக்குது" என்று அவர்களிடம் சத்தமாகச் சொன்னார். வருமானக் கட்டத்துக்கு வந்ததும் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அழுத்தமாக ஒரு தொகை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். டீ சாப்பிடச் சொன்னார். பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டேன்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா தொகையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இவ்ளோ வருமானம் இருந்தா நீயே நாலு பேருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாமே!"

உச்சவரம்பு என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். நைனா எழுதியது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உச்சவரம்புக்கு மேல் ஒரு ரூபாய் இருந்தாலும் ஸ்காலர்ஷிப் கிடையாதாம். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கு இவ்ளோ பேஜாரு? அப்பா காலமாயிட்டாருன்னு எழுதிட்டு அம்மாவையே கையெழுத்துப் போடச் சொல்லு. யாரும் வந்து பார்க்கப்போறதில்ல." புதிதாக இரண்டு ஃபாரமும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் தறியில் இருந்தாள். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்துத் தடவை போய் வந்திருக்கும்.

"எழுதிக்க," என்றாள். "எனக்கு இன்னா இருக்குது அதுல."

கழுத்தில் தாலி இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

பேனாவைத் திறந்து உட்கார்ந்தேன். என் பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன். தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுத வேண்டும். கை எழுதவில்லை. நைனா மேல் பாசம் என்று சொல்ல முடியாது. அம்மாவுக்காக என்றும் சொல்ல முடியாது. இன்றுவரை காரணம் தெரியவில்லை. விடிந்ததும் மறுபடி போளூர் பஸ் ஏறினேன்.

இந்த முறை நைனா ஓடி வரவில்லை.

"வருமானம் ஜாஸ்தியாம்," என்றேன். "அவ்ளோ இருந்தா தரமாட்டாங்களாம்."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். என்னை மூட்டை அடுக்குக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"எவ்ளோ எழுதட்டும்?"

"எவ்ளோ வருதோ அவ்ளோ."

மூட்டை மேல் ஃபாரத்தை வைத்து, உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்து எழுதினார். உச்சவரம்பில் பாதிகூட இல்லை. அம்மா தறியில் சம்பாதித்ததைவிடவும் குறைவு. ஃபாரத்தை என்னிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காத."

"சரி."

"இன்னா படிக்கிற?"

"கணக்கு."

"கணக்கா..." என்றார். பிறகு மண்டியில் யாரோ கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் அந்தத் தொகையை மாதத்துக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொண்டே வந்தேன். வகுத்து முடித்ததும் தூங்கிவிட்டேன்.

தாசில்தார் கையெழுத்துக்கு நான்கு நாள் நடந்தேன். கடைசித் தேதிக்கு முந்தின நாள் கல்லூரியில் கொடுத்தேன். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு போர்டில் என் பெயர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்றவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பணம் வாங்கும்போது ஒட்டிக் கையெழுத்துப் போட ரெவின்யூ ஸ்டாம்பு வாங்கப் போக வேண்டும் என்று நான் நினைத்தேன். விடுதிப் பாக்கி போக மிச்சத்தில் அம்மாவுக்கு ஒரு நூல் புடவை வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் விலை கேட்கவில்லை.

அப்போதுதான் தெரிந்தது, ஸ்காலர்ஷிப்பை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் புது உறுதிமொழி வேண்டும் என்று. அடுத்த ஆடியிலும், அதற்கடுத்த ஆடியிலும் கலசப்பாக்கம் போனேன். நைனா பேனாவைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நேராக மூட்டைகளுக்குப் பின்னால் நடப்பார். தொகையை என்னிடம் கேட்காமல் எழுதுவார். மூன்றாம் வருஷம் போண்டா வாங்கி வைத்திருந்தார். தின்றேன். அவர் மல்லாட்டை விலை பற்றிச் சொன்னார், நான் ஹாஸ்டல் சாப்பாடு பற்றிச் சொன்னேன். பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்காது.

படிப்பு முடிந்தது. அந்த ஆடியில் எனக்கு அங்கே போக வேலை இல்லை. போகவில்லை.

ஆவணி பிறந்த பிறகு கலசப்பாக்கத்திலிருந்து ஆரணிக்கு மூட்டை கொண்டுவரும் லாரிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"உங்க ஊட்டுக்காரரு கேட்டுகினு வரச் சொன்னாருங்க. பொண்ணு இந்த வருஷம் ஃபாரம் எடுத்துகினு வரலியேன்னு."

அம்மா தறியை நிறுத்தாமல் என்னைப் பார்த்தாள்.

"படிப்பு முடிஞ்சிடுச்சின்னு சொல்லுங்க," என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, "பாஸ் பண்ணிடுச்சின்னும் சொல்லுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுவாரம் வந்தவாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கச் சொன்னார்கள்.